அச்சாபீஸ் பெயர் இல்லாத நோட்டீஸ்

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கடை எதையும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அதையெல்லாம் எடுத்துவிட்டு, கடிதத்தில் இருப்பதைச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் சார். எனக்கு 26 வயது. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். அப்பா கைலி நெய்கிறவர். இரண்டு வருஷமாக எங்கள் ஊர் விஷயங்களை எழுதியும் வீடியோ எடுத்தும் ஃபேஸ்புக்கில் போடுகிறேன், 14 ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். ரேஷன் கடையில் 20 கிலோ அரிசி என்று போனுக்கு மெசேஜ் வருகிறது, பையில் 18 கிலோகூட இல்லை என்று போன வருஷம் மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுக் காட்டினேன். ஒரே வாரத்தில் அதிகாரி வந்தார், இப்போது எடை சரியாக இருக்கிறது. ஊரே பாராட்டியது. மூன்று மாதத்துக்கு முன்னால் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் வந்தது. மெயின் ரோட்டு டிபன் கடையில் சாப்பிட்ட மூன்று குழந்தைகளுக்கு வாந்தி, எண்ணெய் கெட்டுப்போனது, யாரும் போகாதீர்கள் என்று. பதறிப்போய் கடை போட்டோவோடு 'இங்கே சாப்பிடாதீர்கள்' என்று போட்டுவிட்டேன். ஆறு மணி நேரத்தில் 900 பேர் ஷேர் செய்தார்கள். மறுநாள்தான் தெரிந்தது, அந்தக் குழந்தைகள் சாப்பிட்டது ஒரு காதுகுத்து விருந்தில். உடனே அழித்துவிட்டேன். ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர் 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 15 நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். போனை உடைத்துப் போடு என்கிறார் அப்பா. நான் ஜெயிலுக்குப் போவேனா சார்? எங்களை மாதிரி ஆட்கள் இதெல்லாம் எழுதவே கூடாதா? எல்லாவற்றையும் மூடிவிடட்டுமா?"

தங்கச்சி, ஜெயில் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதுவும் உங்கள் மண்டையில் ஏறாது. நாளைக்குக் காலையில் போலீஸ் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் கோர்ட் உத்தரவு கிடையாது. ஒருவர் தன் வக்கீல் மூலமாக 'எனக்கு இந்தக் குறை இருக்கிறது, தீர்க்காவிட்டால் வழக்குப் போடுவேன்' என்று சொல்கிற கடிதம், அவ்வளவுதான். ஆனால் குப்பையில் போடுகிற கடிதமும் இல்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் நோட்டீஸை இரண்டு முறை படித்தேன். ஐபிசி 499, 500 என்று இருக்கிறது, பழைய குற்றவியல் சட்டத்தின் அவதூறுப் பிரிவுகள். கூடவே ஐ.டி. சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66ஏ. இந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது 2024 ஜூலை 1-ஆம் தேதி. நீங்கள் போட்டது மூன்று மாதத்துக்கு முன்னால். ஆக, பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அடித்திருக்கிறார்கள். எங்கள் வக்கீல் தொழிலில் இது சகஜம், நானும் செய்திருக்கிறேன். இதைப் பார்த்து சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நம்பர் தப்பாக இருந்தாலும் விஷயம் அப்படியே நிற்கிறது. பழைய 499, 500 இப்போது புதுச் சட்டத்தில் 356-ஆவது பிரிவு. அவதூறு நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்று இருக்கிறது. சமூக சேவை புதிதாகச் சேர்ந்தது. போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்கிற குற்றம் அல்ல இது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும், அதை ஏற்பதற்கு முன்னால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றும் புது நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நஷ்டஈட்டுக்கு அவர் தனியாக சிவில் வழக்குப் போடலாம், அதற்குச் செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு வருஷம் கெடு. கேட்கிற தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதால் 5 லட்சம் என்று நோட்டீஸில் எழுதுவது சுலபம், வழக்காகப் போடும்போது பலருக்கும் அந்தத் தொகை இளைத்துவிடும்.

சரி, சட்டத்தில் உங்கள் நிலைமை எப்படி? அவதூறு வழக்கில் பெரிய கேடயம் உண்மை. சிவில் வழக்கில் சொன்னது உண்மை என்று காட்டிவிட்டாலே போதும். கிரிமினல் வழக்கில் உண்மையோடு, பொது நன்மைக்காகத்தான் சொன்னேன் என்றும் காட்ட வேண்டும். ரேஷன் கடை விஷயத்தில் உங்களிடம் இரண்டும் இருந்தது. டிபன் கடை விஷயத்தில் நோக்கம் இருந்தது, உண்மை இல்லை. 'நான் எழுதவில்லை சார், வந்ததைத்தான் போட்டேன்' என்று உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கோர்ட்டில் சொன்னால் நிற்காது. 2018-இல் ஒரு ஃபேஸ்புக் பகிர்வு தொடர்பான முன்ஜாமீன் மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் இதே சாக்கைத்தான் பார்த்தது. வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்று சொல்லிவிட்டது. நீங்கள் வெறுமனே அனுப்பவும் இல்லை. வாய்ஸில் வராத கடை போட்டோவைச் சேர்த்தீர்கள், 'சாப்பிடாதீர்கள்' என்ற வார்த்தை உங்களுடையது.

ஃபேஸ்புக் கம்பெனி உங்களுக்காக வந்து நிற்குமா என்றால், நிற்காது. ஐ.டி. சட்டத்தின் 79-ஆவது பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடுத்தவர் போட்டதற்கு இடம் கொடுத்தவர் பொறுப்பில்லை. ஷேர் செய்த 900 பேரும் சட்டப்படி யோக்கியர்கள் இல்லை, ஆனால் நோட்டீஸ் அனுப்ப விலாசம் தெரிந்தது உங்களுடையது மட்டும்தான். அந்த வாய்ஸைப் பேசியவர் யார் என்று இன்றுவரை உங்களுக்கே தெரியாது இல்லையா?

இந்த இடத்தில் எனக்கு என் சித்தப்பாவின் அச்சாபீஸ் ஞாபகம் வருகிறது. வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில், ஒரு டிரெடில் மெஷின், நாலு கேஸ் எழுத்து, பேப்பர் வெட்ட ஒரு கட்டிங் மெஷின். 1986, 87 வாக்கில் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் எழுத்து கோர்ப்பேன், பத்து விரலும் மையாக இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஒருத்தர் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். 500 பிட் நோட்டீஸ் வேண்டும் என்றார். ஒரு பள்ளிக்கூடத்து செகரட்டரியையும் அங்கே வேலை செய்கிற டீச்சரையும் சேர்த்து எழுதியது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். "இன்னாபா, இதை நீ பார்த்தியா?" என்று கேட்டார். ஊரே பேசுது என்றார் அவர். "ஊர் பேசறது இருக்கட்டும், நீ பார்த்தியாபா?" வந்தவர் பேச்சை மாற்றி, ரெட்டைக் காசு தருகிறேன் என்றார். சித்தப்பா மெஷின் மேல் கிடந்த ஒரு கல்யாண நோட்டீஸை எடுத்து அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார். எங்கள் பிரஸ் பெயர், வேலூர் - 4. "இது இல்லாம நான் எதையும் அடிக்கக் கூடாது. இதைப் போட்டு அடிச்சா, அந்தம்மா புருஷன் வந்து நிக்கிறது உன் வீட்டு வாசல்ல இல்ல, என் கடை வாசல்ல." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்பது அப்போது இருந்த 1867-ஆம் வருஷத்து சட்டம். வெள்ளைக்காரன் தன் வசதிக்காகக் கொண்டுவந்தது, யார் அடித்தார்கள் என்று கண்டுபிடித்துப் பிடிப்பதற்கு. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் அது வேறு ஒரு வேலையும் செய்தது. எழுதுகிறவனுக்கும் ஊருக்கும் நடுவே, கோபம் இல்லாத இன்னொரு ஆள் ஒருத்தர் உட்கார்ந்து ஒரு முறை படித்தார், தன் பெயர் போகிறதே என்ற பயத்தோடு படித்தார். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், ஆனால் கையால் எத்தனை எழுத முடியும், பத்தா, பதினைந்தா? உங்கள் போனில் அந்த இன்னொரு ஆள் கிடையாது. எழுதியதும் நீங்கள், அடித்ததும் நீங்கள், பஸ் ஸ்டாண்டில் நின்று விநியோகித்ததும் நீங்கள், எல்லாம் இரண்டு நிமிஷத்தில், பில் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு.

இதோடு நிறுத்தினால் சித்தப்பா பெரிய மனிதராகிவிடுவார். அவர் திருப்பி அனுப்பிய இன்னொரு தாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாலாற்றங்கரை கிராமத்துக்காரர்கள் நாலைந்து பேர், ஒரு பாட்டிலில் தங்கள் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார்கள். டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடுகிற ஆலை, அதன் கழிவு இறங்கி கிணறு போய்விட்டது, நெல் விளையவில்லை, தென்னை காய்ப்பது நின்றுவிட்டது, கலெக்டருக்கு மனு கொடுக்கப் போகிறோம், ஊர் ஜனம் வரச் சொல்லி நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பார்த்தது, அவர்கள் குடித்தது, பாட்டிலில் கையில் இருந்தது. சித்தப்பா அதையும் நிதானமாகப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. என்னால முடியாதுபா" என்றார். அவருடைய பில் புக், கேட் பாஸ், தினசரி காலண்டர் ஆர்டர் பாதி தோல் ஷாப்புகளிலிருந்து வந்தது. அவர்கள் போன பிறகு, நான் ஒன்றும் கேட்கவே இல்லை, அவராகவே "ஆர்டர் பூடும்டா" என்றார்.

அதே கண்ணாடி, அதே மனிதர், அதே வாசல். பொய்யையும் நிறுத்தியது, நிஜத்தையும் நிறுத்தியது. பெரிய பத்திரிகைகளிலும் இதே கதைதான், விளம்பரம் கொடுக்கிறவர் யார் என்று பார்க்காத ஆபீஸ் எத்தனை?

பாலாறு விஷயம் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். இந்தியாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் நம் மாவட்டத்துப் பெயரில்தான் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஆறு சுத்தமாகிவிடவில்லை, 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதே பாலாறு, இதே தோல் கழிவு பற்றி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கிணற்றைப் பற்றி வெளியில் சொல்ல டெல்லி வரை போக வேண்டியிருந்தது, வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், ஐந்து வருஷம் வேண்டும். இன்றைக்கு ஆம்பூர் பக்கம் மழைத் தண்ணீரோடு நுரை பொங்கினால் பள்ளிக்கூடப் பையன் பாலத்தின் மேல் நின்று எடுத்துப் போடுகிறான், மறுநாள் சாம்பிள் எடுக்க ஆள் வருகிறார்கள். எந்த அச்சாபீஸ்காரரையும் அவன் கெஞ்ச வேண்டியதில்லை. 'எங்களை மாதிரி ஆட்கள் எழுதக் கூடாதா' என்று கேட்டீர்களே, உங்களை மாதிரி ஆட்கள் எழுத முடியாமல் இருந்த காலத்தில் நான் எழுத்து கோர்த்திருக்கிறேன். அந்தக் காலம் திரும்ப வர வேண்டாம். மூடாதீர்கள்.

ஆனால் டிபன் கடை விஷயத்தை நீங்கள் கொஞ்சம் லேசாக எடுத்துக்கொள்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அப்போது நீங்கள் கல்லூரிக்குப் போகிற வயது. போளூர் பக்கம் அத்திமூர். பழைய வட ஆற்காட்டுக்குள்தான், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கோயிலைத் தேடிக் காரில் வந்தது. வயதான அம்மா ஒருவர் வழியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்குச் சில வாரங்களாகவே வட மாநிலத்துக் குழந்தை கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது என்று இந்தப் பக்கம் எல்லா போனிலும் வாய்ஸும் வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் குற்றுயிராகத் தப்பினார்கள். அந்த நாட்களில் நாடு முழுக்கச் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பைக்கில் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, பெற்றோர்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அட்டை காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது.

உங்கள் கடைக்காரரை யாரும் அடிக்கவில்லை, கடையை உடைக்கவில்லை. ஆனால் அந்த 900 பேர் கையிலும் நீங்கள் கொடுத்தது அதே மாதிரி ஒரு தாள்தான், யாரோ பேசியது, நீங்கள் பார்க்காதது, ஜனங்களின் வயிற்றைக் கலக்குகிற விஷயம், குழந்தைகள். அப்பட்டமான பொய்யைக் கெட்டவர்கள்தான் பரப்புகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். என்னிடம் வருகிற வழக்குக் கட்டுகளைப் பார்த்தால் அப்படி இல்லை, முக்கால்வாசிப் பேர் உங்களை மாதிரி, ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்தவர்கள்.

உங்கள் இரண்டு வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேஷன் வீடியோவை நானும் பார்த்தேன். பையை அவிழ்க்காமல் கடை வாசலிலிருந்தே கேமராவை நிறுத்தாமல் மளிகைக் கடை வரை நடந்தீர்கள். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா என்று கிட்டே கொண்டுபோய்க் காட்டினீர்கள். காலித் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தீர்கள். ஒரு வீட்டுப் பை போதாது என்று மூன்று வீட்டுப் பையைப் போட்டீர்கள். போனில் வந்த மெசேஜின் தேதியும் நேரமும் தெரிந்தது. கடைசியில் விற்பனையாளரிடம் போய்க் கேட்டு, 'குடோனிலிருந்தே மூட்டை குறைந்துதான் வருது, என்னை என்ன செய்யச் சொல்றீங்க' என்று அவர் சொன்னதையும் வெட்டாமல் போட்டீர்கள். அவர் சொன்னது உங்களுக்குப் பாதகமாகவும் இருக்கலாம், இருந்தும் போட்டீர்கள். இதை யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முப்பது வருஷ நிருபர்கள் இவ்வளவு செய்வதில்லை, நான் பொய் சொல்லவில்லை.

டிபன் கடைக்கு வந்தபோது மட்டும் நாற்பது செகண்ட் வாய்ஸ் போதுமாகிவிட்டது. கடை உங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், ஐந்து நிமிஷ நடையா? குழந்தைகளின் பெயரோ தெருவோ அந்த வாய்ஸில் இருந்ததா? அரசு ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால் சாயங்காலமே காதுகுத்து விஷயம் தெரிந்திருக்கும். நிஜமாகவே எண்ணெய் சந்தேகமாக இருந்தால், உணவுப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மாதிரி எடுத்து அனுப்பினால் 14 நாளில் ஆய்வாளர் அறிக்கை தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்து சட்டத்தில் இருக்கிறது. புகார் கொடுத்தேன், இந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் ஒரு வக்கீலாலும் உங்களை அசைக்க முடியாது. அதில் 900 ஷேர் வந்திருக்காது என்பதும் நிஜம்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பதிவை அழித்தீர்கள், சரி. ஆனால் அழித்ததில் நிம்மதி கிடைத்தது உங்களுக்கு மட்டும். பார்த்த ஜனத்துக்கு அழித்தது தெரியாது, அவர்கள் மனதில் அந்தக் கடை எண்ணெய் இன்னும் கெட்டுப்போனதாகவேதான் இருக்கிறது. அதனால் திருத்தம் போட வேண்டும், பழையதைப் போட்ட அதே இடத்தில், அதே அளவில். ஒரு நாளில் மறைந்துபோகிற ஸ்டேட்டஸில் போட்டுவிட்டுக் கணக்குக் காட்டாதீர்கள். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் அடித்துவிட்டு ஏழாம் பக்கத்து மூலையில் வருத்தம் தெரிவிக்கும், நீங்கள் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாம். இவ்வளவு போதும்: 'இன்ன தேதியில் இந்தக் கடையைப் பற்றி நான் போட்டது தவறு. அந்தக் குழந்தைகள் சாப்பிட்டது இந்தக் கடையில் இல்லை. விசாரிக்காமல் போட்டுவிட்டேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' யார் மனதாவது புண்பட்டிருந்தால், சூழ்நிலை காரணமாக, அந்த மாதிரி வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். முன்பு ஷேர் செய்தவர்களை இதையும் ஷேர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேர் செய்ய மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆகலாம். சில வக்கீல்கள் அதனாலேயே வாயைத் திறக்காதே என்பார்கள், அது ஒரு தப்பான ஆலோசனை என்று சொல்ல மாட்டேன். உங்கள் விஷயத்தில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் அவர் கையில் இருக்கிறது, நடந்ததில் மறைக்க ஒன்றும் இல்லை, தவறு தெரிந்த உடனே திருத்தினார் என்பது கோர்ட்டிலும் உங்களுக்குச் சாதகமாகத்தான் பேசும். வாசகத்தை மட்டும் வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். நோட்டீஸுக்கான பதிலையும் அவரே எழுதட்டும், 15 நாளுக்குள், ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. பணம் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, குடியாத்தம் கோர்ட்டிலேயே வட்டக் குழுவும் இருக்கும், 15100 என்ற நம்பருக்கு அடித்தும் கேட்கலாம்.

அப்புறம், சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போங்கள். காலை, ராத்திரி வேண்டாம், மூன்று மணி வாக்கில், கல்லில் மாவு ஊற்றாத நேரம். போனைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அங்கே உட்கார்ந்து தோசை சாப்பிடுவதைப் போல ஒரு வீடியோ போடலாமே என்று உங்களுக்கு யோசனை வரும், எனக்குத் தெரியும். அவராகக் கேட்டால் பார்க்கலாம். அவர் கத்துவார், மூன்று மாத வியாபாரம் போன மனிதர் கத்தட்டும், பதில் பேசாதீர்கள். இந்த மாதிரி நோட்டீஸ்களில் நான் பார்த்தவரை கடைக்காரர்களுக்கு 5 லட்சத்தை விட பழைய வாடிக்கைக்காரர்கள் திரும்பி வருவதுதான் முக்கியம். இரண்டு தரப்பும் சம்மதித்தால் அவதூறு வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஏதாவது தொகை கொடுத்து முடிக்க வேண்டி வந்தாலும் எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள்.

இனிமேல் எழுதும்போது என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் ஒன்றும் கிடையாது, ரேஷன் வீடியோவை எடுத்த மாதிரியே எல்லாவற்றையும் எடுங்கள். இரண்டொன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகம், பெயர், பள்ளிக்கூடம் எதுவும் வரக் கூடாது. நீங்கள் உண்மையையே எழுதினாலும் அது தனிக் குற்றம். அரசு விஷயம் என்றால் ஊகித்து எழுதாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும், அந்தப் பதிலை அப்படியே போட்டாலே செய்திதான். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போடாதீர்கள். அவர் பேச மறுத்தால் 'கேட்டேன், பேசவில்லை' என்று அதையும் எழுதுங்கள்.

உங்களைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவர்கள் பற்றி கடிதத்தின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள், நான் படித்துவிட்டேன். ரேஷன் கடை விஷயத்துக்குப் பிறகு ஆரம்பித்தது என்றால் அது தற்செயல் இல்லை. பதில் எழுதாதீர்கள், ஒவ்வொன்றையும் தேதி, நேரம், அந்த ஆளின் கணக்கு தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் போடுங்கள், படத்தை மாற்றி ஏதாவது செய்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் சைபர் கிரைம் போலீஸுக்குப் போங்கள். இது தனியாக எழுத வேண்டிய விஷயம், இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், அந்த வாய்ஸ், அது எந்தக் குரூப்பில் எத்தனை மணிக்கு வந்தது, நீங்கள் போட்டது, அழித்தது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரேஷன் வீடியோவை அழித்துவிடாதீர்கள், விசாரித்து எழுதுகிற வழக்கமுள்ள பெண் இந்த ஒரு முறைதான் தவறினாள் என்று காட்ட அதை விட நல்ல ஆவணம் உங்களிடம் இல்லை. போனை ரீசெட் செய்யவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். எலக்ட்ரானிக் சாட்சியத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதற்கு இதே போன் வேண்டியிருக்கும். அப்பாவிடம் சொல்லுங்கள், உடைப்பதாக இருந்தால் வழக்கு முடிந்த பிறகு உடைக்கட்டும் என்று.